வாணியம்பாடித் தூணும் நம்ம பாலாறும்



டீச்சர் பதிவு போட்டால் ஒரு பீரியட் முடிந்து அடுத்த பெல் அடிக்கும் வரை போகும் என்று என் அண்ணன் பையன் கிண்டல் செய்வான். இதுவும் அப்படித்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். பாதியில் விடாதீர்கள். ஏனென்றால் இதில் நான் செய்த ஒரு தப்பையும் எழுதியிருக்கிறேன்.

இன்று நவம்பர் 12. வாணியம்பாடி கச்சேரி ரோட்டில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் அதைத் தாண்டித்தான் டியூஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போயிருப்பீர்கள். அது எதற்காக நிற்கிறது என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? 1903-ஆம் ஆண்டு இதே நவம்பர் 12-ல் பாலாற்று வெள்ளத்தில் இறந்துபோன மக்களின் நினைவாக எழுப்பியது அந்தத் தூண். சுமார் 200 பேர் அந்த ஒரே வெள்ளத்தில் போனார்கள். ஊரின் பெரும் பகுதி வீடுகள் அழிந்தன. அது நடந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வருஷா வருஷம் இந்த நாளில் சிலர் போய் மலர் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

"பாலாற்றில் வெள்ளமா? அதில் மணலே இல்லை, தண்ணீர் எங்கிருந்து வரும்?" என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படிச் சிரித்தவள்தான். அதனால் முதலில் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பில் நடத்தியது மறந்திருக்கும்.

பாலாறு கர்நாடகாவில் நந்தி மலையில் பிறக்கிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் கர்நாடகாவில் 93, ஆந்திராவில் 33, மீதி 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று வந்து வயலூர் பக்கம் கடலில் சேர்கிறது. அதிக நீளம் நம்மிடம் ஓடினாலும் ஆற்றின் தலை நம்மிடம் இல்லை. இதை மனதில் வையுங்கள். நம் ஊரில் மேகமே இல்லாமல் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும், மேலே கோலார் பக்கம் நல்ல மழை பிடித்தால் தண்ணீர் நம்மைத் தேடி வரும்.

கோலார் மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம். வாணியம்பாடி சுமார் 350 மீட்டர்தான். ஆக, ஆறு 450 மீட்டர் சரிவில் இறங்கி நம்மிடம் வருகிறது. மொட்டை மாடியிலிருந்து குடத்தைச் சாய்த்தால் எப்படியோ அப்படி.

அந்த மேட்டில் பழைய காலத்து அரசர்களும் ஊர்மக்களும் ஏரி ஏரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கு அடுத்தது. மணி கோர்த்த மாலை மாதிரி. சாதாரண வருஷத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒரு சொட்டு வீணாகாது. ஆனால் அடைமழையில் மேலே இருக்கிற ஒரு ஏரியின் கரை உடைந்தால், அந்தத் தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் கீழே இருக்கிற ஏரியில் விழும். ஏற்கெனவே நிரம்பி நிற்கிற அந்த ஏரி எப்படித் தாங்கும்? அதுவும் உடையும். மாலையில் நூல் அறுந்தால் எல்லா மணியும் கொட்டுவது போல.

1903-ல் நடந்தது இதுதான். அப்போது கோலார் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. கனமழையில் பேத்தமங்கலம், ராமசாகரம் என்று பாலாற்றுப் பாதையில் இருந்த பெரிய ஏரிகள் உடைந்தன. மழைத் தண்ணீர் மட்டும் வந்திருந்தால் ஆறு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கும், மக்கள் மூட்டை கட்ட நேரம் கிடைத்திருக்கும். ஏரித் தண்ணீர் அப்படி வராது. சுவர் மாதிரி வரும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அன்று ஏரி உடைந்தது மைசூர் சமஸ்தானத்தில். ஊர் அழிந்தது மதராஸ் மாகாணத்தில். அப்போது வாணியம்பாடி வட ஆற்காடு மாவட்டத்தில் கூட இல்லை, சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1911-ல்தான் திருப்பத்தூர் பகுதி வட ஆற்காட்டுக்கு வந்தது. பிறகு அது வேலூர் மாவட்டமாகி, 2019-ல் மூன்றாகப் பிரிந்து, இப்போது வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டத்தில், பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூர் மாவட்டத்தில், வாலாஜாவும் ஆற்காடும் ராணிப்பேட்டை மாவட்டத்தில். நாம் கோடு போட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆற்றுக்கு அந்தக் கோடு தெரியாது.

என் பாட்டி 1903-க்குப் பிறகு பிறந்தவர். அவருடைய அம்மா அந்த வெள்ளத்தைப் பார்த்தவராம். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. ஐப்பசி பிறந்தால் அரிசி மூட்டையும், நிலப் பத்திரம் இருந்த தகரப் பெட்டியும் பரண் மேல் ஏறிவிடும். தை பிறந்துதான் இறங்கும். "ஏன் பாட்டி?" என்று கேட்டால், "எங்க அம்மா அப்படித்தான் வைப்பாங்க" என்பார். எலிக்காகத்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். பாட்டி போன பிறகு, கான்கிரீட் வீடு கட்டியபோது பரணே இல்லாமல் போனது. பழக்கமும் போனது. அது எலிக்காக இல்லை, 1903-க்காக என்று எனக்கு உறைத்தது அறுபது வயதில்.

இடையில் என்ன நடந்தது? நம் ஊர்கள் தோல் ஊர்கள் ஆயின. ஆற்றுத் தண்ணீரும், காட்டில் கிடைத்த ஆவாரம் பட்டையும், நம் பகுதி முஸ்லிம் வியாபாரிகளின் உழைப்பும் சேர்ந்து வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் டேனரிகள் பெருகின. பிறகு குரோம் முறை வந்தது, ஷூ கம்பெனிகள் வந்தன. உங்களில் எத்தனை பேருடைய அம்மா ஷூ கம்பெனி வேனில் போய் வந்து உங்களைப் படிக்க வைத்தார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சோற்றை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலை இருக்கிற இடத்துக்கு ஜனம் வரும், ஜனத்துக்கு வீடு வேண்டும், மலிவான மனை எங்கே கிடைக்கும்? ஆற்றோரம், ஓடையோரம், ஏரி உள்வாயில்.

அதே சமயம் ஆறு வறண்டது. என் சின்ன வயதில் ஆற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பியிருக்கிறேன். உங்கள் வயதில் அங்கே கிரிக்கெட் ஆடினீர்கள். மணல் லாரி லாரியாகப் போனது. கழிவு கலந்து கிணறுகள் உப்பாயின. குடிக்கக் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் நிலைமை வந்தது. இப்படி ஒரு ஆற்றைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

இப்போது என் தப்பைச் சொல்கிறேன்.

2009-ஆம் வருஷம் என் பழைய மாணவன் ஒருவன், பெயர் வேண்டாம், மனைவியோடு வீட்டுக்கு வந்தான். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. சீட்டு எடுத்து, மனைவியின் நகையையும் வைத்து, ஒரு மனை வாங்கப் போகிறான். ஆற்றுப் பக்கம், கொஞ்சம் பள்ளம். "நீங்க சொல்லுங்க டீச்சர், வாங்கலாமா? தண்ணி கிண்ணி வருமா?" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அட போடா, பாலாத்துல தண்ணி வந்து எத்தனை வருஷமாச்சு! வந்தா சந்தோஷம்தான். வாங்கு." காபி போட்டுக் கொடுத்து அனுப்பி வைத்தேன். வாணியம்பாடி வெள்ளத்தைப் பற்றி அதற்கு முன் பல வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆண்டு, தேதி எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்தப் பாடத்துக்கும் அவன் கேட்ட கேள்விக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் என்னை நம்பித்தான் கேட்டான்.

2021 நவம்பர் வந்தது. நான் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம். வங்கக் கடலில் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றழுத்தம். 18-ஆம் தேதி ராத்திரி விடாத மழை. 19-ஆம் தேதி அதிகாலை அந்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்து நம் பக்கம் திரும்பியது. மேலே பேத்தமங்கலம் ஏரி நிரம்பி வழிந்தது. ஆந்திரப் பக்கத்துத் தண்ணீர் பொன்னை ஆற்றில் இறங்கியது. மோர்தானா அணை வழிந்து கௌண்டன்ய ஆறு குடியாத்தத்துக்குள் புகுந்தது. எல்லாம் சேர்ந்து வாலாஜா அருகே பாலாறு அணைக்கட்டில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது.

ஒரு லட்சம் கன அடி என்றால் எவ்வளவு? கணக்குப் போடுவோம். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். லட்சம் கன அடி என்றால் ஒரு நொடிக்கு 28 லட்சம் லிட்டர். நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் டேங்கர் லாரி கணக்கில் பார்த்தால், ஒவ்வொரு நொடியும் 230 லாரிக்கு மேல். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். எழுநூறு லாரி போய்விட்டது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற அதே ஊர்களில்.

அன்று ராத்திரி என் போன் அடித்தது. அவன்தான். "டீச்சர், தண்ணி வாசப்படி தாண்டிடுச்சு. கரண்ட் இல்ல. சின்னவள எங்க வைக்கிறதுன்னு தெரியல." எனக்கு நாக்கு உலர்ந்துபோனது. "மாடி இருக்கிற வீடு பக்கத்துல யாருது? போ, இப்பவே போ, ஒண்ணும் எடுக்காதே" என்று மட்டும் சொன்னேன். நல்லவேளை, போனான். நாலு வீடு தள்ளி ஒரு பாய் வீட்டு மாடியில் பதினோரு பேர் விடியும்வரை நின்றிருக்கிறார்கள். அந்த அம்மா அந்த இருட்டிலும் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்தாராம்.

உயிர் பிழைத்தது. ஆனால் வண்டி, பீரோ, மனைவி வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்த மெஷின் எல்லாம் சேற்றில். பெரியவளின் பத்தாவது மார்க் ஷீட் ஊறிக் கூழாகிவிட்டது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு, பழுப்பாக. வீட்டுக்குள் சேற்று வாடையோடு வேறொரு வாடையும். தோல் ஊரில் பிறந்தவர்களுக்கு அது என்ன வாடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. "உக்காருங்க டீச்சர்" என்று ஈர நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்களுக்காவது உயிர் தப்பியது. அதே 19-ஆம் தேதி காலை பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். நான்கு பேர் குழந்தைகள். ஆறு அவர்களைக் கொல்லவில்லை, சுவர் கொன்றது. மாதனூரில் பாலாற்றுத் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 23-ல், திருவலம் பக்கம் பொன்னை ஆற்று ரயில் பாலத்தின் தூணில் விரிசல் கண்டு ரயில்கள் நின்றன. வெள்ளம் போய்விட்டது என்று நாம் நினைத்தாலும் அது செய்த வேலை பூமிக்குள் இருந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு நடுவில் நவம்பர் 29 விடியற்காலை 4 மணிக்கு மேல் கட்டில் ஆடியது நினைவிருக்கிறதா? வேலூர் பக்கம் 3.6 அளவில் நிலநடுக்கம். டிசம்பரில் மறுபடியும் லேசாக வந்தது. பேரணாம்பட்டுப் பக்கத்து கிராமங்களில் பூமிக்குள் சத்தம் கேட்டதென்று ஜனம் கைக்குழந்தையோடு தெருவில் படுத்தது. பெரிய சேதம் இல்லை. 3.6 என்பது பயமுறுத்தும் அளவு, இடிக்கும் அளவு அல்ல. ஆனால் வெள்ளத்தில் ஊறிய மண் சுவர் நல்ல சுவர் அல்ல. ஒரு ஆபத்து தனியாக வருவதில்லை, முன்னால் வந்தது விட்டுப்போன காயத்தின் மேல்தான் வருகிறது.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு ஆபத்தும் உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுசாகாது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் அந்தக் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். ஒருவரைத் தவிர மற்றவர்கள் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1903-ல் மேலே இருந்த ஏரி உடைந்து கீழே தூங்கியவர்களைக் கொண்டுபோனது. 2015-ல் மேலே இருந்த தொட்டி. அளவுதான் வேறு. தேக்கி வைத்தவர் ஒருவர், கீழே படுத்தவர் இன்னொருவர். கீழே இருப்பவருக்கு மேலே என்ன இருக்கிறதென்று தெரியாது.

அதே ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய ஒரு குரோமேட் தொழிற்சாலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் மலையாகக் கிடந்த கதையும் உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர். இயற்கைச் சீற்றம் என்று நாம் சொல்கிறோம். மழை இயற்கை. அந்த மஞ்சள் நம்முடையது.

நம் மாவட்டத்தின் பெயர் இந்திய சட்டப் புத்தகங்களில் இருப்பது உங்களில் சட்டம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. டேனரிக் கழிவு வழக்குதான். அதில் ஒரு கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று ஏற்றார்கள்: பெரிய கெடுதல் வரும் என்ற நிலை இருந்தால், முழு அறிவியல் நிரூபணம் கைக்கு வரட்டும் என்று காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும். என் பாட்டி பரண் மேல் பெட்டி ஏற்றியதும் இதே கொள்கைதான். இந்த வருஷம் வெள்ளம் வரும் என்று அவருக்கு யாரும் நிரூபித்துக் காட்டவில்லை.

ஜப்பானில் அனேயோஷி என்று ஒரு சின்ன கிராமம். கடலோர மலைச்சரிவு. 1933 சுனாமியில் ஊர் அழிந்த பிறகு, மிச்சம் இருந்தவர்கள் மேட்டில் ஒரு கல் நட்டு, இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டக்கூடாது என்று பொறித்தார்கள். சந்ததி சந்ததியாக யாரும் கட்டவில்லை. 2011-ல் அந்தப் பேரலை வந்தபோது தண்ணீர் கல்லுக்குக் கீழேயே நின்றது. வீடுகள் பிழைத்தன. ஆனால் அதே ஜப்பானில் ஹிரோஷிமா பக்கம் சாகா என்று ஒரு ஊர். 1907 வெள்ளத்துக்கு அங்கேயும் நினைவுக் கல் உண்டு. 2018 ஜூலை மழையில் அதே இடத்தில் மறுபடி ஜனம் செத்தது. கல் இருந்தது, அது சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அதற்குப் பிறகுதான் 2019-ல் ஜப்பான் அரசு, பேரிடர் நினைவுக் கற்களைக் காட்டுவதற்கென்றே தன் வரைபடங்களில் ஒரு தனிக் குறி சேர்த்தது.

நம் வாணியம்பாடித் தூண் இந்த இரண்டில் எந்த வகை என்று நான் கேட்டுக்கொண்டேன். பதில் எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

இனி வீட்டுப்பாடம். அரசாங்கம் செய்ய வேண்டியது நிறைய. 2004 சுனாமிக்குப் பிறகு 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஆணையம், அதற்கென்று ஒரு திட்டம் இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். அதைக் கேட்க வேண்டியது குடிமக்களாகிய நம் கடமை. அதற்கு முன்னால் நம் வீட்டளவில் செய்யக்கூடியதை எழுதுகிறேன்.

1. மனை வாங்கும் முன் என்னைக் கேட்காதீர்கள். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி என்று எங்கே இருக்கிறதென்று அதில் இருக்கும். தரகர் சொல்ல மாட்டார், வரைபடம் சொல்லும். பிறகு அந்தத் தெருவிலேயே வயதான ஒருவரிடம், "2021-ல் இங்கே தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள்.

2. ஐப்பசி பிறந்ததும் பத்திரம், மார்க் ஷீட், ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில், உயரமான இடத்தில். போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பி வையுங்கள். டிஜிலாக்கரிலும் போடுங்கள்.

3. பழைய மண் சுவர், செங்கல் சுவர் இரண்டு நாள் மழையில் ஊறினால், புது விரிசலோ உப்பலோ தெரிந்தால், அந்த ராத்திரி அங்கே படுக்காதீர்கள். பக்கத்து வீட்டுச் சுவர் நம் கூரை மேல் சாய்கிற மாதிரி இருந்தாலும் அதே. பேரணாம்பட்டை மறக்காதீர்கள்.

4. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் வண்டியை நிறுத்துங்கள். முழங்கால் அளவு வேகமாக ஓடும் தண்ணீர் ஆளைச் சாய்க்கும். இரண்டடித் தண்ணீர் காரையே தூக்கும். "நேத்து போனேனே" என்று சொல்லாதீர்கள், நேற்று இருந்த பாலம் இன்று அடியில் இருக்கிறதா என்று தெரியாது.

5. தண்ணீர் வாசலுக்கு வரும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். எந்த வீட்டு மாடிக்குப் போவது என்று இப்போதே பேசி வையுங்கள். வெள்ளம் வந்த பிறகு சாதி, மதம், பழைய சண்டை எல்லாம் யாருக்கும் நினைவுக்கு வராது. முன்னாலேயே வராமல் இருந்தால் இன்னும் நல்லது.

6. வெள்ளத்துக்குப் பிறகு கிணறு, போர் தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் குரோமியமும் உப்பும் காய்ச்சினால் போகாது. நம் ஊர்களில் இந்த வித்தியாசம் முக்கியம். குடிக்க, சமைக்கக் கொடுக்கிற குடிநீரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

7. டேனரியில் வேலை செய்கிறவர்கள், வேலை கொடுக்கிறவர்கள் இருவருக்கும்: கழிவுத் தொட்டிச் சுவருக்குக் கீழே யாரையும் தூங்க விடாதீர்கள். மழைக்காலத்துக்கு முன் கெமிக்கல் டிரம்களை மேடான இடத்துக்கு ஏற்றுங்கள். தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற அடுத்தவர் குதிக்காதீர்கள். உள்ளே விஷவாயு. ஒருவரைத் தூக்கப் போய் மூன்று பேர் செத்த வீடுகள் நம் பக்கம் இருக்கின்றன. தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

8. பூமி ஆடினால் படிக்கட்டில் ஓடாதீர்கள். உறுதியான மேசைக்கு அடியில் குனிந்து, தலையை மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு வெளியே வாருங்கள்.

9. எண்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, அவசரம் 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101. போனில் மட்டும் அல்ல, சுவரிலும் எழுதி வையுங்கள், சார்ஜ் போனால் போன் கல்தான்.

10. 2021-ல் "அணை உடைந்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். அனுப்பிய ஒருவருக்கும் அது எந்த அணை என்று தெரியவில்லை. அரசு அறிவிப்பைப் பார்க்காமல் எதையும் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். உண்மையான எச்சரிக்கை வரும்போது யாரும் நம்பாமல் போவார்கள்.

வெளிநாட்டில், சென்னையில், பெங்களூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தனி வேலை. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்குப் போன் போட்டு, அவர்கள் பார்த்த, கேட்ட வெள்ளக் கதையை ஒரு முறை கேளுங்கள். எந்த வருஷம், எந்தத் தெரு, தண்ணீர் எந்த உயரம். எழுதி எனக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தெருவாரியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை முப்பத்தேழு பேர் சொல்லியிருக்கிறார்கள். முடிந்ததும் நம் பகுதிப் பள்ளிகளுக்கு ஒவ்வொரு பிரதி கொடுப்பதாக எண்ணம். புத்தகத்தில் படித்த வெள்ளத்தைவிடத் தன் தெருப் பெயரோடு படிக்கிற வெள்ளம் பிள்ளைக்கு மறக்காது. முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்திய நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம் அது.

அந்த மாணவன் கதையை முடித்துவிடுகிறேன். வீட்டை விற்க முயன்றான். யாரும் நல்ல விலைக்குக் கேட்கவில்லை. விற்றால் வாங்குகிறவனும் ஒரு ஏழைதானே டீச்சர், அவன் பிள்ளைங்க முழுகணுமா என்று அவனே விட்டுவிட்டான். இரண்டு வருஷம் ஓவர்டைம் பார்த்து மேலே ஒரு அறை எடுத்திருக்கிறான். பத்திரமும் பிள்ளைகள் சர்டிபிகேட்டும் இப்போது அங்கேதான். பெரியவள் நகல் மார்க் ஷீட் வாங்கி நர்சிங் சேர்ந்துவிட்டாள்.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தேன். வீடு முழுக்கப் புது பெயின்ட். ஹாலில் ஒரு இடத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு அடிக்காமல் விட்டிருந்தான். அந்தப் பழுப்புக் கோடு அப்படியே. பக்கத்தில் சின்னவள் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறாள்: 19.11.2021. "யாராவது இங்க வந்து மனை வாங்கலாமான்னு கேட்டா இதக் காட்டுறேன் டீச்சர்" என்றான்.

நான் சொல்லியிருக்க வேண்டியதை அந்தச் சுவர் சொல்கிறது.

அடுத்த முறை கச்சேரி ரோடு வழியாகப் போகும்போது வண்டியை ஒரு நிமிஷம் ஓரம் கட்டுங்கள். பிள்ளைகளை இறக்கி அந்தத் தூணைக் காட்டுங்கள். எதற்காக நிற்கிறது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

மழைக்காலம். எல்லோரும் பத்திரமாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் அஞ்சாம் வகுப்பு டீச்சர்